எல்லையில் ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கி

"அந்தச் சனியன வீட்டுக்குள்ள மட்டும் கொண்டாந்துறாதீங்க தம்பி" என்றார் நண்பரின் தாயார். அவர் பார்வை என் மடியிலிருந்த காகிதக் கட்டின் மீது இருந்தது.

கொழிஞ்சாம்பாறையில் அவர்கள் வீட்டுத் திண்ணை. எதிரே தென்னந்தோப்பு. அதற்கப்பால் பொள்ளாச்சி போகும் சாலை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பான இந்தப் பகுதியில் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். நண்பரும் நானும் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள். அவர் தென்னை விவசாயத்துக்குத் திரும்பினார். நான் பத்திரிகைக்கும் மொழிபெயர்ப்புக்கும் வந்தேன். அவருடைய அப்பா இறந்த பிறகு எனக்கு அழைப்பு வந்தது மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில்தான்.

அம்மா சனியன் என்று சொன்ன பொருள் ஒரு வால்தர் பிபி. 7.65 மி.மீ. கைத்துப்பாக்கி. இடுக்கி மாவட்டத்துக் காந்தளூரில் அப்பாவுக்கு நிலம் உண்டு. இரவில் தனியாகத் தங்க வேண்டிய இடம். 1980களின் தொடக்கத்தில், மேற்கு ஜெர்மனியிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அதை முறைப்படி வாங்கி லைசென்ஸ் எடுத்தார். அந்த மனிதரின் மனைவி அங்கே நர்ஸ். 1960களிலிருந்தே கேரளத்துப் பெண்கள் நர்ஸ் வேலைக்காக ஜெர்மனிக்குப் போனார்கள். அவர்களோடு போன கணவர்கள் திரும்பும்போது கடிகாரம், ரேடியோ, கேமரா கொண்டு வந்தார்கள். இவர் கொண்டு வந்தது ஒரு போலீஸ்காரரின் பழைய துப்பாக்கி.

லைசென்ஸ்காரர் இறந்ததும் லைசென்ஸும் இறந்துவிடுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். துக்க வீட்டுப் பரபரப்பில் மறந்து பீரோவில் வைத்திருந்தாலும் அது குற்றம்தான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. நண்பர் மறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே மலைக்குப் போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார். பிறகு அனுமதியுடன் அது பாலக்காட்டுப் பக்கம் ஒரு துப்பாக்கி வணிகரின் இரும்புப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

வாரிசு விரும்பினால் தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம், இல்லையேல் விற்கலாம். நண்பர் விற்க விரும்பினார். ஆனால் வாரிசு அவர் ஒருவர் இல்லை. அக்கா உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய சம்மதப் பத்திரம் வேண்டும். அது தமிழில் எழுதப்பட்டு மலையாளத்தில் பெயர்க்கப்பட வேண்டும். கேரள ஆவணங்களைத் தமிழில் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அங்கேதான் நான் வருகிறேன்.

முதல் தாளிலேயே ஒரு சொல் நிறுத்தியது: 'அவகாசி'. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அவகாசி என்றால் வாரிசு. தமிழில் அவகாசம் என்பது கால இடைவெளி. நண்பருக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

உடுமலைக்குப் போனோம். அக்கா காபி கொடுத்தார், பேனாவைத் தொடவில்லை. "அப்பா கைபட்ட பொருள்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். நீ அதையும் விக்கப் போற" என்றார் தம்பியிடம். என்னைப் பார்த்து, "நீங்க மேல போய்ட்டு வாங்கண்ணா. அப்புறம் சொல்றேன்" என்றார்.

பாலக்காட்டிலிருந்து காந்தளூருக்குக் குறுக்குவழி தமிழ்நாட்டின் வழியாகத்தான் போகிறது. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், காந்தளூர். கேரளத்தில் புறப்பட்டு, கேரளத்துக்குப் போய்ச் சேர, நடுவில் இன்னொரு மாநிலம். பேருந்துப் பயணிக்கு இதில் சிரமமில்லை. துப்பாக்கிக்கு உண்டு. லைசென்ஸில் 'செல்லுபடியாகும் எல்லை' என்று ஒரு வரி இருக்கும். அப்பாவுடையதில் கேரளம் என்று மட்டும் இருந்தது. ஆகவே அவர் குறுக்குவழியில் போகும்போதெல்லாம் துப்பாக்கி மலையிலேயே தங்கியது. அவர் இறந்த பிறகு அது இறங்கி வந்தது மூணாறு, அடிமாலி, கோதமங்கலம், திருச்சூர் என்று சுற்றி. நாங்கள் போன தூரத்தைப் போல இருமடங்குக்கும் மேல்.

சின்னாறு மழைமறைவுப் பிரதேசம். முள்காடும் வறண்ட பாறையும். 1984இல் சரணாலயமானது. அதைத் தாண்டினால் மறையூர்: கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள், பாறை மேட்டில் பெருங்கற்காலத்தவர் எழுப்பிய முனியறைகள், கரும்பு ஆலைகளின் வெல்ல வாசனை. மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள் வாழும் ஊர்கள். மலையின் மறுபக்கம் இரவிகுளம். 1971 வரை தேயிலைக் கம்பெனித் துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்து, 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வரையாடுகள் அங்கே பிழைத்ததற்கு, வேட்டைக்காரர்களே தங்கள் காட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது ஒரு காரணம்.

காந்தளூரில் பூண்டும் பீன்ஸும் உருளையும் விளைகின்றன. நண்பரின் நிலத்தில் பூண்டுப் பாத்திகளில் பாதி ஏர் உழுதது போலப் புரண்டு கிடந்தது. "நேத்து ராத்திரி" என்றார் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். "பன்னி. பத்துக்குக் குறையாது." மேட்டில் ஒரு பரண் இருந்தது. அதில் தகரமும் ஒரு கட்டையும். தமிழ் படித்தவர்களுக்குக் குறிஞ்சி என்றால் தினைப்புனமும் பரணும் கவணும் நினைவுக்கு வரும். காவல் காத்த தலைவி போய்விட்டாள். பரணும் பன்றியும் அப்படியே இருக்கின்றன.

"அப்பா அந்தத் துப்பாக்கியால பன்னி சுட்டிருக்காரா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "அதுல பன்னி சாகுங்களா? அய்யா வருசத்துக்கு ஒருக்கா எடுத்து எண்ணெய் போட்டுத் தொடைப்பாரு. அவ்வளவுதான். அது அவருக்குத் தைரியத்துக்கு."

திரும்பி வந்து வணிகரின் கடையில் அதைப் பார்த்தேன். தோல் உறையிலிருந்து எடுத்து, மேகசினைக் கழற்றி, குழல் காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு மேஜை மேல் வைத்தார். நினைத்ததைவிடச் சிறியது. முக்கால் கிலோவுக்கும் குறைவு. மேகசினில் 8 தோட்டா. கறுப்புப் பூச்சு விளிம்புகளில் தேய்ந்து வெள்ளை தெரிந்தது: ஆண்டுக்கணக்காக உறையில் நுழைந்து வெளியேறிய தேய்மானம். வணிகர் பூதக்கண்ணாடி கொடுத்தார். இரும்பில் ஒரு சின்ன மான்கொம்பு. ஜெர்மனியின் உல்ம் நகரில் சோதித்துத் தேர்ந்ததற்கான முத்திரை அது. அதனருகே இரண்டு எழுத்துகள்: ஜி, எச். உல்ம் கணக்கில் ஏ என்றால் 0, பி என்றால் 1. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஜி 6, எச் 7. ஆக 1967.

பிபி என்பது 'போலீஸ் பிஸ்டல்' என்பதன் ஜெர்மன் சுருக்கம். 1929இல் வால்தர் நிறுவனம் இதைக் கொண்டு வந்தபோது ஒரு புதுமை இருந்தது. குழலில் தோட்டாவை ஏற்றி, சுத்தியலைப் பத்திரமாக இறக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். தேவைப்படும்போது நீளமாக ஒருமுறை விசையை இழுத்தால் போதும். சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துத் திரிந்த துப்பறியும் காவலர்களுக்காக இன்னும் குட்டையான பிபிகே வந்தது. போருக்குப் பின் ஜெர்மனியில் ஆயுதத் தயாரிப்பு முடங்கியதால், 1950களில் பிரான்ஸின் மனுரின் நிறுவனம் உரிமம் பெற்று இதைச் செய்தது. மேற்கு ஜெர்மன் போலீஸார் பல்லாண்டு இடுப்பில் சுமந்தது இந்த 7.65தான்.

1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து தீவிரவாதக் குழுக்களின் தாக்குதல்கள். போலீஸின் கையிலிருப்பது போதாது என்ற முடிவுக்கு ஜெர்மனி வந்தது. 1970களின் பிற்பகுதியில் 9 மி.மீ. துப்பாக்கிகளுக்குப் புதிய வரையறை வகுத்தார்கள். பி5, பி6, பி7 என்று மூன்று தேர்வாயின. பழைய 7.65கள் படிப்படியாக ஓய்வு பெற்றன. பின்னாளில் பி6உம் ஓய்வு பெற்று, 2000களில் அமெரிக்காவில் மலிவு விலைக்கு வந்து குவிந்தது. அங்கே அதை வாங்கி வார இறுதியில் சுட்டுப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு.

இங்கே கதை தலைகீழ். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. இந்தியக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அனுமதிக்கப்பட்டது .32, அதாவது 7.65. ஜெர்மன் போலீஸ் பலவீனமானது என்று கழித்ததுதான் நம் சட்டம் தனிமனிதருக்கு அளந்து கொடுத்த அளவு. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் நின்றுபோயிற்று. அதற்கு முன் உள்ளே வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் அவ்வளவுதான். ஒருவர் இறந்தாலோ விற்றாலோதான் இன்னொருவருக்குக் கிடைக்கும். கான்பூர் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்தது, பின்னர் தனியார் நிறுவனங்களும் வந்தன. ஆனாலும் பழைய ஜெர்மன் இரும்பின் மேல் மோகம் குறையவில்லை. வணிகர் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல ஜீப் வாங்கலாம்.

மோகம் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், அன்று திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டைக்காரர். புனலூரில் அந்தச் சமஸ்தானத்தின் வனத்துறையில் வேலை பார்த்தவர். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்துப் பிரவுனிங். 7.65 தோட்டாவை உலகுக்குத் தந்ததும் அதே பெல்ஜியக் கம்பெனிக்காக உழைத்த பிரவுனிங்தான். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா கம்பெனியின் சரக்கிலிருந்து 50 ஜெர்மன் மவுசர்களை வங்கப் புரட்சியாளர்கள் கடத்தினார்கள். அந்நாளில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி ஒரு பிரகடனம். இன்று அது ஒரு முதலீடு.

பாலக்காட்டின் காட்டோரக் கிராமங்களுக்குத் தேவைப்படுவதோ வேறு துப்பாக்கி. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. சுட வேண்டியவர் லைசென்ஸ் உள்ளவர். விஷம், வெடி, மின்வேலி கூடாது. சுட்ட பன்றியை உண்ணக் கூடாது; புதைத்துவிட வேண்டும். முதலமடைப் பக்கம் அப்படிப் பட்டியலில் இருக்கும் ஒரு முன்னாள் ராணுவத்தினரைச் சந்தித்தேன். வயது எழுபதைத் தொடுகிறது. கையில் 12 போர் இரட்டைக் குழல், அவர் அப்பா காலத்தது. "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடறாங்க. மாந்தோப்புல இருட்டு. பின்னாடி வீடு இருக்கா, மாடு கட்டியிருக்கா, எல்லாம் பார்க்கணும். பத்து வாட்டி போனா ஒரு வாட்டி சுடுவேன்" என்றார். பெட்ரோலும் தோட்டாவும் பெரும்பாலும் கைக்காசு. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். "பன்னிக்கு நடத்தை விதி கிடையாதே" என்று சிரித்தார். இளைஞர்கள் யாரும் லைசென்ஸ் எடுக்க வருவதில்லை என்பது அவருடைய கவலை. போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, தேசியத் தரவுத்தளத்தில் அடையாள எண் என்று நீளும் வழி அது.

அவர் தன்னைப் பற்றிய ஒரு மலையாளச் சான்றிதழைக் காட்டினார். ஊர் கேட்டுக்கொண்டபடி பன்றியை 'வெடிவச்சு' கொன்றதாக அதில் இருந்தது. மலையாளத்தில் வெடிவைப்பது என்றால் துப்பாக்கியால் சுடுவது. தமிழில் அப்படியே எழுதினால் அவுட்டுக்காய் வைத்துக் கொன்றதாக ஆகிவிடும். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்துக் காட்டோரத்தில் போட்டு வைக்கும் அந்தக் கொடுமைதான் 2020 மே மாதம் இதே பாலக்காடு மாவட்டத்தில் மண்ணார்க்காடு அருகே ஒரு கர்ப்பிணி யானையைக் கொன்றது. வாய் சிதைந்த யானை வெள்ளியாற்றில் இறங்கி நின்றே செத்தது. ஒரே சொல், எல்லைக்கு அந்தப்பக்கம் சட்டத்தின் சேவை, இந்தப்பக்கம் குற்றம். சான்றிதழை மடித்துக் கொடுக்கும்போது, அக்காவின் பத்திரத்தை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வாங்க முன்வந்தவர் ஓய்வு பெற்ற தோட்ட அதிபர், ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர். சுட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றார். ஒரு துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஏற்பாடாயிற்று. அக்கா தானும் வருவேன் என்று உடுமலையிலிருந்து காரில் வந்தார். தோல் உறை மேஜை மேல் கிடந்தது. அதன் மூடியின் உட்புறத்தில் அப்பா தன் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறியிருந்தார். அக்கா அதை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

காதுக்கு அடைப்பான். தூரத்தில் மண்மேடு, அதன் முன் காகித வட்டம். வாங்குபவர் நின்ற நிலையில் முதல் தோட்டாவைச் சுட்டார். விசை நீளமாக இழுபட்டது. குறி கீழே இறங்கி, வட்டத்தின் விளிம்பில் பட்டது. அடுத்த நான்கும் சுத்தியல் பின்வாங்கிய நிலையில், விசை லேசாக. நான்கும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள். ஐந்து பித்தளைக் கூடுகள் சிமென்ட் தரையில் உருண்டன. பட்டாசைவிடச் சற்றே கனமான சத்தம், அவ்வளவுதான். 1967இல் ஏதோ ஒரு ஜெர்மன் காவலருக்காகச் செய்யப்பட்ட யந்திரம், ஒரு குறையுமின்றித் தன் வேலையைச் செய்தது.

அக்கா அடைப்பானை எடுத்தார். "இதுவாடா? இதையா நான் சின்னதுல பீரோவத் தொறக்கவே பயந்து கிடந்தேன்?" என்றார் தம்பியிடம். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா இத ஒருக்காவாச்சும் சுட்டிருப்பாரா?"

"தெரியலக்கா. லைசென்ஸ் புத்தகத்துல தோட்டா வாங்கின கணக்கு ரெண்டே தடவைதான் இருக்கு" என்றார் நண்பர்.

நான் மொழிபெயர்த்து வைத்திருந்த பத்திரத்தை நீட்டினேன். அக்கா இரண்டு மொழியிலும் நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'அவகாசி' வந்த இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் வந்து, துப்பாக்கி கைமாறப் பல மாதங்கள் ஆயின. வந்த பணத்தில் பாதி அக்காவுக்கு. மீதியில் நண்பர் காந்தளூர் நிலத்துக்குச் சோலார் வேலி போட்டார். 12 போர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா என்று அவர் யோசித்ததும் உண்டு. அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது. வேலி போட்ட முதல் மாதம் பன்றிகள் வரவில்லை. இரண்டாம் மாதம் பக்கத்து நிலத்துக்குள் புகுந்தன என்று பெரியவர் போனில் சொன்னார். அவரிடம் வேலிக்குப் பணமில்லை, பரணில் தகரம்தான்.

தோல் உறையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கியவருக்கு அது இல்லாதது கொஞ்சம் வருத்தம். நாற்பதாண்டு காலம் துப்பாக்கியால் கடக்க முடியாத சோதனைச்சாவடியை, உறை ஒரு கைப்பைக்குள் கிடந்தபடி ஐந்து நிமிடத்தில் கடந்தது. யாரும் நிறுத்தவில்லை. அதற்கு எந்த மொழியிலும் காகிதம் தேவைப்படவில்லை.